டைப் 1 சர்க்கரையும் எடைக் குறைப்பும்: ஒரு தண்டையார்பேட்டைக் கணக்கு

டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர் உடல் எடையைக் குறைக்க முற்பட்டால், ஊரார் எல்லோரும் சொல்லும் ‘குறைவாகச் சாப்பிடு, நிறைய நட’ என்ற அறிவுரை அவரை முதலில் கொண்டுபோய் விடும் இடம் தாழ்சர்க்கரைதான். போட்ட இன்சுலின் உடலுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும்போது சாப்பாட்டைக் குறைத்தாலோ கூடுதலாக நடந்தாலோ ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்; இறங்கினால் இனிப்பைச் சாப்பிட்டே ஆக வேண்டும்; சாப்பிட்டால் குறைத்த கலோரி அன்றைக்கே திரும்பி வந்துவிடும். 12 வயதில் இந்த நோய் கண்டறியப்பட்டு, இப்போது 36 வயதில் 68 கிலோவிலிருந்து 60 கிலோவுக்கு இறங்கியிருக்கும் நான், அந்த எட்டு கிலோவில் பெரும்பகுதியைத் தாழ்சர்க்கரையைக் குறைத்ததால்தான் இழந்தேன். சோற்றைக் குறைத்தது அதற்குப் பிறகுதான் பலன் தந்தது.

நான் வசிப்பது தண்டையார்பேட்டையில். வேலை ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியின் கணக்குப் பிரிவில். வட சென்னைக்காரர்களுக்குச் சர்க்கரை நோய் புதிதல்ல. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியதும், 1954-இல் ராயபுரத்தில் இந்த நோய்க்காகவே ஒரு மருத்துவமனையை நிறுவியதும் எங்கள் பகுதியில்தான். எந்தத் தெருவுக்குப் போனாலும் சர்க்கரை மாத்திரை போடுகிற ஒரு பெரியவர் இருப்பார், அவரிடம் ஓர் அறிவுரையும் இருக்கும். சிக்கலும் அங்கேதான். அவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருப்பது டைப் 2. உடலில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் எடுபடுவதில்லை. எடை குறைந்தால் சர்க்கரையும் குறைகிறது, சிலருக்கு மருந்தே தேவைப்படாமல் போகிறது. டைப் 1-இல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுவதால், எத்தனை கிலோ குறைந்தாலும் ஊசி நிற்காது. “வெயிட்ட கொறம்மா, ஊசியே தேவப்படாது, எங்க வூட்டுக்காரரு நிறுத்திட்டாரு” என்று ரேஷன் கடை வரிசையில் சொல்லும் அக்காவிடம் இந்த வேறுபாட்டை விளக்கி முடிப்பதற்குள் என் முறையே வந்துவிடும்.

பள்ளி நாட்களில் நான் எலும்பும் தோலுமாக இருந்தேன். காலையும் இரவும் என இருவேளை, 30/70 என்று சொல்லப்படும் கலவை இன்சுலினைப் போட்டுக்கொண்டிருந்தேன்; சர்க்கரை பெரும்பாலும் 250-ஐச் சுற்றியே நின்றது. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாமல் போகிறது. மிச்சம் சிறுநீரில் போகிறது. அப்படி ஒரு நாளில் 50 கிராம் சர்க்கரை வெளியேறினால்கூட 200 கலோரி உடம்பில் ஒட்டாமல் போய்விட்டது என்று பொருள். எவ்வளவு சாப்பிட்டும் எனக்குச் சதை பிடிக்காததன் காரணம் வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது. சர்க்கரை வந்த பிள்ளை இளைத்துத்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த பின், இரவில் ஒரு முறை நெடுநேர இன்சுலின், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன் விரைவு இன்சுலின் என்று நான்கு ஊசி முறைக்கு மாறினேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.8-லிருந்து 7.2-க்கு வந்தது, 52 கிலோவாக இருந்த எடை சில ஆண்டுகளில் 68-க்குப் போனது. என் உயரமான 156 சென்டிமீட்டருக்கு, அது உடல் நிறை எண் 28-ஐத் தொடும் அளவு. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்பது நம் மருத்துவர்கள் கொள்ளும் வரையறை. இப்படி எடை ஏறியது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் டைப் 1 உள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான டிசிசிடி என்ற ஆய்வுதான், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு வெகுவாகக் குறையும் என்று நிறுவியது. அதே ஆய்வில், இறுக்கமான சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தாண்டுகளில் மற்றவர்களைவிடச் சராசரியாக 4.6 கிலோ கூடுதலாக எடை ஏறியதும், கடுமையான தாழ்சர்க்கரை அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு வந்ததும் பதிவாயின. எடையையும் தாழ்சர்க்கரையையும் இரண்டு தனித்தனிப் பக்கவிளைவுகளாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அவை ஒன்றுக்கொன்று காரணமாக இருந்தன.

‘இன்சுலின் போட்டா உடம்பு ஊதிடும்’ என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இன்சுலின் தானாகக் கலோரியை உண்டாக்குவதில்லை. சிறுநீரில் வீணானதை உடலில் சேர்க்கிறது, கொழுப்பு கரைவதை மட்டுப்படுத்துகிறது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையால் இழந்த எடை திரும்பி வருவது உடல் தேறுகிறது என்பதற்கு அடையாளம். 52 கிலோ 56, 57 ஆகியிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்கத் தேவையில்லை. அதற்கு மேல் ஏறியது, தேவைக்கு அதிகமாக உள்ளே போன இன்சுலினுக்குத் தீனி போட்டதால் வந்தது.

இந்தத் தீனிக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய கலவை இன்சுலின், காலையில் போட்டால் பதினொரு மணி வாக்கிலும் பிற்பகலிலும் சர்க்கரையை இழுக்கும். இரவில் போட்டது நள்ளிரவுக்கு மேல் இழுக்கும். ஆகவே பதினொரு மணிக்கு பிஸ்கட், நான்கு மணிக்குச் சுண்டலோ பழமோ, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் என்று இடைத்தீனியும் அட்டவணையில் எழுதித் தரப்பட்டது. அன்றைக்கு அது மருந்தின் ஒரு பகுதி. நான்கு ஊசி முறையில் அந்தக் கட்டாயம் இல்லை. நெடுநேர இன்சுலினின் அளவு சரியாக இருந்தால், ஒரு வேளை சாப்பிடத் தாமதமானாலும் சர்க்கரை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மருந்து மாறியது, அட்டவணை மாறவில்லை. “சாப்டுட்டுப் படுடி, ராத்திரில எறங்கிடப் போவுது” என்று பால் டம்ளரும் பிஸ்கட்டுமாக அம்மா வந்து நிற்பதும், திருமணத்துக்குப் பின் அதே பொறுப்பை அத்தை தம் கையில் எடுத்துக்கொண்டதும் அன்பினால்தான். ஆனால் சர்க்கரை போட்ட அந்தப் பாலும் நான்கு பிஸ்கட்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 250 கலோரி. பசியில்லாமல், அச்சத்துக்காக மட்டும் ஒவ்வோர் இரவும் உள்ளே போனவை அவை.

இரவு இரண்டு மணித் தாழ்சர்க்கரை வந்தவர்களுக்குத்தான் அந்தப் பசி தெரியும். நைட்டி வியர்வையில் நனைந்திருக்கும், கை நடுங்கும், உதடு மரத்துப் போயிருக்கும், ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துபோட்டு நின்றபடியே கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டிருப்போம். மூளைக்குச் சர்க்கரை போதாதபோது உடல் பசியைக் கிளப்பிவிடுகிறது; சாப்பிட்டது ரத்தத்தில் சேரப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிறது; அதுவரை எவ்வளவு உள்ளே போனாலும் போதும் என்று தோன்றாது. தேவைப்பட்டது 15 கிராம் சர்க்கரை, அதாவது 60 கலோரி. உள்ளே போவது ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், பிஸ்கட் பாக்கெட்டில் பாதி, மீந்த சோறு என்று 400 கலோரிக்குக் குறையாது. வாரத்துக்கு மூன்று முறை இப்படி என்று வைத்துக்கொண்டால் 1,200 கலோரி. ஆண்டுக்கு 62,000-க்கு மேல். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்ற பொதுக் கணக்கின்படி அது எட்டு கிலோ. இது காகிதக் கணக்கு, உடல் இத்தனை நேராக நடந்துகொள்ளாது என்பது கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கும் தெரியும். ஆனாலும் எனக்குத் தரப்பட்ட எந்த உணவுத்தாளிலும் இந்த வரவு எழுதப்படவே இல்லை.

எடைக்காக முதலில் போன ஒரு கிளினிக்கில் 1,200 கலோரி உணவுத்தாள் ஒன்றை அச்சடித்துத் தந்தார்கள். இன்சுலின் அளவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. தாளின்படி சாப்பிட்ட நாட்களில் சர்க்கரை 50-களுக்கு இறங்குவது வழக்கமாகிவிட்டது. எடை இம்மியும் அசையவில்லை. டைப் 2 நோயாளிக்கென்று எழுதியதை டைப் 1 நோயாளியிடம் நீட்டினால் அதுதான் நடக்கும். இப்போது நான் பார்க்கும் மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே வேறொன்றைக் கேட்டார்: “என்ன சாப்பிடுறேன்னு அப்புறம் எழுதலாம்மா. எப்பெப்ப லோ ஆகுது, எவ்வளவுல இருந்துது, அப்ப என்ன சாப்பிட்டே, அதை மட்டும் ஒரு மாசம் எழுதிட்டு வா.” நீளக் கணக்கு நோட்டில் தேதி, நேரம், மீட்டர் காட்டிய எண், சாப்பிட்டது என்று பத்தி பிரித்து எழுதினேன். பக்கம் நிரம்பியபோது, பதிவுகளில் பெரும்பாலானவை இரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையிலும், மாலையில் அலுவலகம் விட்டு வரும் நேரத்திலும் குவிந்து கிடந்தன. பகலின் மற்ற நேரங்களில் ஏறக்குறைய எதுவுமில்லை.

இரவுப் பதிவுகளுக்குக் காரணம் நெடுநேர இன்சுலின் என்று ஐயப்பட்டதும் அதைச் சோதித்துப் பார்த்தோம். இரவு உணவை ஏழு மணிக்குள், பிரியாணியோ பொரித்ததோ இல்லாமல் முடித்துவிட வேண்டும். ஏனென்றால் சாப்பாட்டுக்குப் போட்ட விரைவு இன்சுலினின் வேலை சுமார் நான்கு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் கொழுப்பு மிகுந்த உணவு அதற்குப் பிறகும் சர்க்கரையை ஏற்றிக்கொண்டே இருக்கும். பின்னர் எதுவும் சாப்பிடாமல் பதினொரு மணிக்கும், மூன்று மணிக்கும், காலை ஆறு மணிக்கும் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். இடையில் 70-க்குக் கீழே வந்துவிட்டால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டுச் சர்க்கரை எடுத்துக்கொள்ள வேண்டும். படுக்கும்போது இருந்த அளவிலிருந்து 30 புள்ளிகளுக்கு மேல் தானாக இறங்கினால் நெடுநேர இன்சுலின் அதிகம். நான் 160-இல் படுத்து 80-இல் விழித்தேன். இரண்டு வாரம் கையில் ஒட்டியிருந்து சர்க்கரையை விடாமல் காட்டும் சென்சாரை மாதந்தோறும் வாங்குவது கட்டுப்படியாகாது என்றாலும், இப்படிப்பட்ட சோதனைக் காலத்தில் மட்டும் ஒன்றை வாங்கி ஒட்டிக்கொள்வது பணத்துக்கு வஞ்சகமில்லாத செலவு. இரவு முழுவதும் கோடு எப்படிச் சரிகிறது என்பதைக் கைபேசியில் பார்த்த பிறகுதான் அத்தையும் பாலைக் கைவிட்டார்.

நான் போட்டுக்கொண்டிருந்த 26 யூனிட் நெடுநேர இன்சுலினை மருத்துவர் ஒரேயடியாக வெட்டவில்லை. ஒவ்வொரு முறையும் பத்து சதவீதம் அளவுக்குக் குறைத்து, சில நாட்கள் பார்த்து, மறுபடியும் குறைத்து 21-க்குக் கொண்டுவந்தார். இவை என் உடம்புக்கான எண்கள். படிப்பவர்கள் தங்கள் அளவைத் தங்கள் மருத்துவரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். உணவில் வேறு எதையும் மாற்றாத அந்தச் சில மாதங்களிலேயே எடையில் மூன்று கிலோ இறங்கியது.

மாலைப் பதிவுகளின் கதை வேறு. மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு. மூன்றரைக்குப் பார்த்தால் 220 இருக்கும். உடனே மூன்று யூனிட் திருத்த ஊசி போட்டுவிடுவது வழக்கம். மதியம் போட்டதே இன்னும் பாதிதான் வேலை செய்திருக்கும். அதன்மேல் இதுவும் சேர்ந்துகொள்ளும். ஆறு மணிக்கு மண்ணடி மெட்ரோ நிலையத்துக்கு நடந்து வரும் வழியில் இரண்டும் ஒன்றாக இழுக்கும். அந்நேரம் டீக்கடை வாசலில் பஜ்ஜி கொதிக்கும் எண்ணெயிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் தெரியும் உயர்வைப் பார்த்துப் பதறாமல், நான்கு மணி நேரம் பொறுத்துத் திருத்துவது, சாப்பாட்டு ஊசியைத் தட்டு முன்னால் வைத்த பிறகு போடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே போட்டுக்கொள்வது ஆகிய இரண்டு மாற்றங்களில் மாலைத் தாழ்சர்க்கரை பெரும்பாலும் ஒழிந்தது. பஜ்ஜி முழுதாக ஒழியவில்லை. மழைக்காலத்தில் ஒன்றிரண்டு உண்டு, அதற்குரிய யூனிட்டோடு.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தாழ்சர்க்கரை வராமலே போய்விடாது. வரும்போது என்ன சாப்பிடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும், அந்த நேரத்தில் முடிவெடுக்கும் நிலையில் நாம் இருப்பதில்லை. குளுக்கோஸ் பவுடரை 15 கிராம் 15 கிராமாக நிறுத்து, ஜிப் வைத்த சின்னப் பிளாஸ்டிக் கவர்களில் போட்டு, கட்டில் ஓரம், கைப்பை, அலுவலக மேசை, வண்டிப் பெட்டி என்று எல்லா இடத்திலும் வைத்திருக்கிறேன். குளுக்கோஸ் இல்லையென்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை. சாக்லேட்டும் பாலும் பிஸ்கட்டும் இந்த வேலைக்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும், கலோரியையும் கூட்டும். கவரைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டதும் அடுப்படியில் நிற்காமல் கூடத்துக்கு வந்து மின்விசிறியடியில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மட்டும் இன்னொரு கவர். இதில் ஒரே கடினமான பகுதி அந்தக் கால் மணி நேரம்தான். நினைவு தடுமாறும் அளவுக்கு இறங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் ஓரளவு சீரான பிறகுதான் தட்டின் பக்கம் திரும்பினோம். மாவுச்சத்தைக் கிராமில் கணக்கிட்டு இன்சுலின் போடுவது பெரிய வித்தையல்ல; ஒரு சமையல் தராசு போதும். சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. எங்கள் வீட்டு இட்லித் தட்டில் வேகும் ஓர் இட்லிக்கு 12 கிராம் என்று கணக்கு வைத்திருக்கிறேன்; கடை இட்லி அதைவிடப் பெரியது. நாளின் மொத்த இன்சுலின் யூனிட்டால் 500-ஐ வகுத்தால், ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்தைத் தாங்கும் என்பதற்குத் தோராயமான எண் கிடைக்கும். எனக்கு அது 9-இல் தொடங்கியது, காலையில் மட்டும் அதைவிடக் கூடுதல் இன்சுலின் தேவைப்பட்டது. தராசில் வைத்தபோது என் மதியச் சோறு 300 கிராம் இருந்தது. அதை 150 ஆக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு குறைப்போடும் சாப்பாட்டு ஊசியும் குறைந்தது. சோறு குறைந்து ஊசி குறையாவிட்டால் பழையபடி மாலையில் பஜ்ஜிதான்.

எங்கள் பகுதிச் சாப்பாட்டில் இரண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடி மாதம் முழுக்க ஏதாவது ஓர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு என்பதால் சர்க்கரைக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. கேழ்வரகில் மாவுச்சத்து அரிசியைவிட மிகக் குறைவொன்றும் இல்லை; நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம் என்பது உண்மை, ஆனால் அரைத்துக் கரைத்துக் கூழாக்கிக் குடிக்கும்போது சர்க்கரை வேகமாகவே ஏறும். ஒரு சொம்பு வாங்கிக்கொள்வேன், அதற்கு ஊசியும் உண்டு. அடுத்தது பர்மா பஜார் பக்கத்து அத்தோ. முட்டைக்கோசும் வெங்காயமும் தூவியிருப்பதால் காய்கறி போலத் தோன்றினாலும் அது எண்ணெய் ஊற்றிப் பிசைந்த நூடுல்ஸ். முழுத் தட்டை இருவர் பகிர்ந்துகொண்டு, உடன் தரும் வாழைத்தண்டு சூப்பை இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சோறு குறைந்த இடத்தை நிரப்பியது மீன். காசிமேடு அருகில் இருப்பது இந்த விஷயத்தில் கொடுப்பினைதான். நெத்திலியும் சங்கராவும் கானாங்கெளுத்தியும் வஞ்சிரத்தின் விலையில்லாமல் கிடைக்கின்றன. புரதம் வயிற்றில் நின்று பசியைத் தள்ளிப் போடுகிறது. ஆனால் மீன் குழம்பு நன்றாக அமைந்துவிட்டால் சோறு தானாகக் கூடும் என்பதால், குழம்பு வைக்கிற நாளில் சோற்றை முதலிலேயே தட்டில் நிறுத்துப் போட்டுக்கொண்டு பானையை உள்ளே வைத்துவிடுவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் விலை ஏறிவிடும். அப்போது முட்டையும் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும். பயறுகளில் மாவுச்சத்தும் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

நடைப்பயிற்சியில் ஒரு சிறு கணக்கு. அரை மணி நேரம் வேகமாக நடந்தால் என் எடைக்குச் சுமார் 120 கலோரி செலவாகும்; நடக்கும் முன் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று 15 கிராம் குளுக்கோஸ் போட்டுக்கொண்டால் அதில் பாதி போய்விட்டது, வந்து பசிக்கு ஏதாவது சாப்பிட்டால் மிச்சமும் போய்விட்டது. ஆகவே காலையில், விரைவு இன்சுலின் எதுவும் உடலில் இல்லாத நேரத்தில், வெறும் வயிற்றில் ராபின்சன் பூங்காவில் நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். சர்க்கரை அவ்வளவாக அசைவதில்லை. மாலையில் நடக்க வேண்டியிருந்தால், அதற்கு முந்தைய சாப்பாட்டு ஊசியை மருத்துவர் சொன்ன அளவில் குறைத்துக்கொள்கிறேன். 120-க்கும் 180-க்கும் இடையில் இருக்கும்போது தொடங்குவது பாதுகாப்பு. 250-க்கு மேல் இருந்து, இன்சுலின் போதாதபோது கொழுப்பு கரைந்து சேரும் கீட்டோனும் இருந்தால் அன்றைக்கு நடையே கூடாது.

திட்டமிடாத உழைப்பும் கணக்கில் வர வேண்டும். எங்கள் தெருவுக்கு மெட்ரோ வாட்டர் லாரி வரும் நாளில், வரிசையில் நின்று பிளாஸ்டிக் குடங்களை இரண்டாம் மாடிக்குத் தூக்குவது சாதாரண வேலையல்ல. படி ஏறும்போது மூச்சு வாங்கும் அந்த நேரத்தில் மீட்டரைப் பார்த்தால் சர்க்கரை சற்று ஏறியே இருக்கும், பாரம் தூக்கும்போது சுரக்கும் அட்ரினலின் அதை ஏற்றுகிறது. அதை நம்பித் திருத்த ஊசி போட்டால் பிற்பகலிலோ அன்றிரவிலோ தாழ்சர்க்கரை நிச்சயம். உழைத்த தசை, இழந்த சர்க்கரையைப் பல மணி நேரம் வரை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும். லாரி வந்த நாளில் இரவு ஊசிக்கு முன் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்கிறேன். நடையைவிட, வாரத்தில் சில நாட்கள் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கிச் செய்யும் தசைப்பயிற்சியே எனக்கு இன்சுலின் தேவையைக் குறைத்தது என்பது என் கணிப்பு.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். இன்சுலினைக் குறைத்துப் போட்டால் எடை விழும் என்பது டைப் 1 உள்ள எல்லோருக்கும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். திருமணத்துக்கு முன் மெலிய வேண்டும் என்று ஊசியைத் தவிர்த்த ஒரு பெண்ணை மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் சந்தித்திருக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்திருந்தாள். இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பைக் கட்டுமட்டில்லாமல் கரைக்கும்போது கீட்டோன் அமிலம் சேர்ந்து ரத்தம் அமிலமாகிவிடுகிறது. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, வாயில் பழவாசனை ஆகியவை தென்பட்டால் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. நான் சொன்ன குறைப்பு, தாழ்சர்க்கரையை உண்டாக்கும் அதிகப்படி இன்சுலினைக் குறைப்பது. சர்க்கரை ஏறும் வரை குறைப்பதல்ல. மாவுச்சத்தை ஏறக்குறைய முழுதாக விலக்கிக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையையும் இதே காரணத்துக்காக என் மருத்துவர் மறுத்துவிட்டார். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டைப் 2 மாத்திரைகள் எடையையும் குறைப்பவை. ஆனால் டைப் 1-இல் அவற்றால் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் சேர்ந்துவிடும் அபாயம் உண்டு. உறவினர் வீட்டில் மிச்சமிருப்பதை வாங்கிப் போட்டுப் பார்க்கும் பொருளல்ல அவை.

எடை எந்த முயற்சிக்கும் அசையாதபோது தைராய்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். டைப் 1 உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். வயிற்றில் ஊசி போடும் இடத்தைத் தடவிப் பார்த்துக் கட்டி தட்டுப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கட்டியில் போட்ட இன்சுலின் ஒரு நாள் ஏறாது, மறுநாள் மொத்தமாக ஏறும். கட்டியில்லாத புது இடத்துக்கு மாறும்போது பழைய அளவே அதிகமாகி இறங்கிவிடும் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற வேண்டும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் இன்சுலின் தேவை கூடும், உடலில் நீர் சேர்ந்து எடையும் ஏறும். அந்த வாரத்தில் நான் எடை பார்ப்பதில்லை.

எடை இறங்க இறங்க இன்சுலின் தேவையும் இறங்கியது. நாளின் மொத்தம் 58 யூனிட்டிலிருந்து இப்போது 43. ஒவ்வொரு முறை இரண்டு மூன்று கிலோ குறையும்போதும் அளவுகளைத் திரும்பப் பார்க்காவிட்டால் தாழ்சர்க்கரை மீண்டும் தலைகாட்டும். உடல் நிறை எண் கணக்குப்படி நான் இன்னும் நான்கு கிலோ குறைந்து 56-க்குப் போக வேண்டும். 58 வரை போனபோது இரவுப் பதிவுகள் மறுபடி வரத் தொடங்கின, பசியும் நிற்கவில்லை, ஹெச்பிஏ1சி 6.9-இல் நிலையாக இருக்கும்போது அந்த இரண்டு கிலோவுக்காக இரவுகளைப் பணயம் வைக்க வேண்டியதில்லை என்று மருத்துவரும் நானும் முடிவு செய்தோம். 59-க்கும் 61-க்கும் இடையில் நிற்கும் வரை எதையும் மாற்றுவதில்லை என்றும், 62-ஐத் தாண்டினால் சோற்றைத் தொடும் முன் தாழ்சர்க்கரை நோட்டை எடுத்துப் பார்ப்பது என்றும் பேசி வைத்திருக்கிறோம்.